சீருக்கு நேரே ஒரு கோடு

எங்கள் வீட்டு சிலிண்டரில் அதை மாட்டிய தேதியைச் சாக்பீஸால் எழுதிவைப்பேன். கடன் வாங்குவதற்கு முன்பு ஒரு சிலிண்டர் முப்பத்தெட்டு நாள் வந்தது. வாங்கிய பிறகு அறுபத்தேழு நாள் வந்தது. இடைப்பட்ட இருபத்தொன்பது நாட்களை என் மனைவி கொல்லையில் விறகடுப்பு ஊதிக் கழித்தாள்.

நான் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு. இருபத்திரண்டு வருடமாக டைரி எழுதிவருகிறேன். மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன செலவு என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் ஒரு நாள்கூட விட்டதில்லை. மனைவியைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்த பிறகு காய்ச்சல் வந்து பத்தொன்பது நாள் இருந்தோம். அதற்காகத்தான் வீட்டுப் பத்திரத்தை அரிசி மண்டிக்காரர் ஒருவரிடம் வைத்து இரண்டு லட்சம் வாங்கினேன். நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் நாலாயிரம். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள மாட்டார். வாங்கினால் மொத்தமாகத்தான்.

கடன் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியின் தம்பியிடம்கூட, காப்பீட்டு அட்டையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னோம். அவன் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறான். சொந்த நிலம் கிடையாது. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தோம். மறைத்ததற்குக் காரணம் அது மட்டுமில்லை. எனக்கு அவன் முன்னால் வசதியானவன் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

முப்பத்தொரு மாதம் வட்டி கட்டினேன். ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம். அசல் அப்படியே இருந்தது. தக்காளியைச் சந்தை கலையும் நேரத்தில்தான் வாங்குவோம். ரேஷன் அரிசியை ஊறவைத்து அரைத்தால் இட்லி கல்லாகத்தான் வரும். பையன் அதை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டுவான். மனைவி புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தாள். நான் பஸ்ஸை விட்டு சைக்கிளுக்கு மாறினேன். கடையில் மாலை டீயை நிறுத்தி, அந்தப் பத்து ரூபாயைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டேன். தையல் காசு, பஸ் காசு எல்லாமாக டப்பாவில் சேர்ந்த தொகை அறுபத்தோராயிரம்.

ஆவணியில் மண்டிக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். தை கடைசியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம்.

"தைக்குள்ள அசலக் குடுத்துடுங்க. இல்லன்னா வூட்ட எம்பேருக்குக் கிரயம் பண்ணிட்டு, மேல ஒரு தொகை வாங்கிக்கினு போங்க. நான் யாரையும் அநியாயம் பண்றவன் இல்ல" என்றார்.

மேலே தருவதாகச் சொன்ன தொகையில் இந்த ஊரில் கால் மனைகூட வாங்க முடியாது.

அன்று மாலை மொய் நோட்டை எடுத்தேன். கல்யாணமான பதினேழு வருடத்தில் நாங்கள் வைத்த மொய் அத்தனையும் அதில் இருந்தது. யார் வீட்டு விசேஷம், என்ன விசேஷம், எவ்வளவு என்று தேதிவாரியாக எழுதியிருந்தேன். கூட்டினால் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. நாங்கள் திரும்ப எதுவும் வாங்கியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, வாங்கியதை அப்படியே திருப்பி வைக்க மாட்டார்கள். அப்படி வைத்தால் இனி உறவு வேண்டாம் என்று அர்த்தம். மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் வைப்பார்கள். ஒரு விசேஷம் செய்தால் போதும், செலவு போக வீடு மீண்டுவிடும்.

வீட்டில் செய்யாமல் விட்டிருந்த விசேஷம் ஒன்றுதான். பையனுக்குக் காதுகுத்து.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். மீசை அரும்புகிறது. "மொட்ட அடிச்சிக்கினு மாமா மடியில உக்காந்து காது குத்திக்கணுமா? மாமாவ விட நான் வெயிட்டுப்பா. அவரு நசுங்கிடுவாரு" என்றான்.

மனைவி சிரிக்கவில்லை. "காதுகுத்துன்னா மொதல்ல தாய்மாமன் சீர் வரணும். எந்தம்பிகிட்ட இன்னா இருக்குது?" என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. அவனால முடிஞ்சதச் செய்யட்டும்."

"முடிஞ்சதச் செய்யறவனா அவன்? நாலு பேர் பாக்கறாங்கன்னா உசிரக் குடுப்பான்."

நான் எஸ்டிமேட் போட்டிருந்த தாளை அவளிடம் காட்டினேன். பந்தல், சமையல், மளிகை, வாடகைப் பாத்திரம், பூசாரி என்று இருபத்து மூன்று வரிகள். கடா, பையனுக்குத் துணி, கடுக்கன் மூன்றும் சீரில் வந்துவிடும். ஆகவே 'சீர்' என்று எழுதி, எதிரே தொகை போடாமல் ஒரு கோடு இழுத்திருந்தேன். அவள் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு பழத்தோடு போனேன். வாசலில் அவன் பெண் சின்னத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிற பெண். விஷயத்தைச் சொன்னதும் மைத்துனன் வெற்றிலை பாக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"மருமவனுக்குச் செய்யாம வேற யாருக்கு மாமா செய்யப்போறேன்? ஆனா ஒண்ணு, பங்குனில வெச்சிக்கலாமா? கெழங்கு வெட்டு முடிஞ்சி கையில காசு பொழங்கும்."

"கார்த்திகைதான் தோது மச்சான். மார்கழியில செய்யக்கூடாது. தையில பையனுக்குப் பரீட்சை" என்றேன்.

பரீட்சை பொய். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. "சரிங்க மாமா, கார்த்திகையே வெச்சிக்கலாம்" என்றான். அவன் மனைவி உள்ளே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு டம்ளரை வெகுநேரம் கழுவினாள்.

அடிவாரத்தில் எங்கள் குலதெய்வக் கோவிலில் விசேஷம் நடந்தது. மேளத்தோடு சீர் வந்தது. நாங்கள் எதிர்பார்த்தது ஐந்து தட்டு, வந்தது இருபத்தொன்று. மாலை போட்ட கடா, கால் பவுன் கடுக்கன், பையனுக்குக் கைக்கடிகாரம், அக்காவுக்குப் பட்டுப்புடவை, எனக்கு வேட்டி சட்டை. சொந்தக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "கூலிக்காரன்னு பேரு, ஜமீன் மாதிரி வரான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். மைத்துனன் பையனைத் தூக்கி மடியில் வைத்து, "ஏய், அரிசி மூட்ட மாதிரி கீற" என்று திணறினான். எல்லாரும் சிரித்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பையனும் சிரித்துவிட்டான். என் மனைவி மட்டும் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். வந்த மொய் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து நானூற்றைம்பது. செலவு ஐம்பத்தேழாயிரத்து இருநூறு. மிச்சத்தோடு டப்பாப் பணத்தைச் சேர்த்தேன். மார்கழி முதல் வாரத்தில் இரண்டு லட்சத்தை எண்ணிக் கொடுத்துப் பத்திரத்தை வாங்கினேன். மண்டிக்காரர் இரண்டு முறை எண்ணினார். என் கையில் மிஞ்சியது ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். என் எஸ்டிமேட் இவ்வளவு நெருக்கமாக இதற்கு முன் வந்ததில்லை. டைரியில் அந்தத் தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அன்றைக்கு மனைவி தம்பிக்குப் போன் செய்தாள். சந்தோஷத்தில் வாய் தவறி, பத்திரம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.  அவன் "நல்லதுக்கா" என்று மட்டும் சொன்னானாம். பின்னால் ஏதோ டிராக்டர் சத்தம் கேட்டதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சீருக்குப் பதில் மரியாதையாகப் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு அடிவாரத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? கரும்பு வெட்டப் போயிட்டாங்க. மூங்கில்துறைப்பட்டு பக்கம். சீர் செய்யறதுக்கு கரும்பு மேஸ்திரிகிட்ட புருசன் பொண்டாட்டி ஜோடிக்கு முன்பணம் வாங்கினாங்க இல்ல, எண்பதாயிரம்."

"பொண்ணு?"

"கைப்புள்ளய யாரு பாக்கறது? அதையும் கூட்டிக்கினுதான் போனாங்க."

அங்கிருந்து கள்ளக்குறிச்சி வந்து, சங்கராபுரம் வழியாக மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் பிடித்தேன். ஆலைக்குப் போகிற சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. விசாரித்து விசாரித்து ஒரு வயலுக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. வரப்பை ஒட்டிக் கரும்புத் தோகையால் வேய்ந்த ஏழு குடிசைகள். மூன்றாவதன் முன்னால் அந்தப் பெண் தம்பியைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மாமா, ஸ்கூல்ல அரப்பரிச்ச ஆரம்பிச்சிட்டாங்களா?"

ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பையன் எழுதிக்கொண்டிருந்தான். நான் இனிப்புப் பையை அவளிடம் கொடுத்தேன்.

மைத்துனன் கரும்பு வெட்டும் கத்தியோடு வந்தான். கை, முகம் எல்லாம் கரும்புத் தோகை கீறிய கோடுகள். தண்ணீர் மொண்டு எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேசினான்.

"ஏன் மச்சான் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா மாமா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. "பத்திரம் வந்துடுச்சின்னு அக்கா போன்ல சொல்லிச்சி. அது அடமானத்துல இருந்ததே அப்பதான் எனக்குத் தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு வேட்டி துண்டோட வந்திருப்பேன். நீங்க பெரிசா செய்யறீங்க, நம்மால அக்காவுக்குத் தலகுனிவு வரக்கூடாதுன்னு நெனச்சிக்கினு..."

முடிக்காமல் கத்தியின் முனையால் மண்ணைக் கிளறினான். அவன் மனைவி கட்டுக் கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, "அண்ணனுக்கு டீ வாங்கியாரச் சொல்லட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மேஸ்திரி பைக்கில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். முன்பணத்தை நான் கட்டிவிடுவதாகச் சொன்னேன். பத்து நாள் டைம் கேட்டேன். பீரோவில் இருக்கும் பத்திரத்தை மறுபடியும் அடகு வைக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"காச வெச்சிக்கினு நான் இன்னாங்க பண்றது? ஆலைல கரும்பு கேக்கறான், காசு கேக்கல. ரெண்டு ஆள் கம்மியானா என் வண்டி நிக்கும். ரெண்டு ஆளக் குடுங்க, இவங்கள இப்பவே கூட்டிக்கினு போங்க."

"வெட்டு எப்ப முடியும்?"

"சித்திர ஆவும். மழ வந்தா ஜாஸ்தியும் ஆவும்."

பெண்ணை மட்டுமாவது என்னோடு அனுப்பச் சொன்னேன். எங்கள் வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகட்டும் என்றேன். மைத்துனன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் தொட்டிலைப் பார்த்தாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. கையில் இருந்த ஆயிரத்து இருநூற்றைம்பதை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கடுக்கனையாவது திருப்பித் தருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் போடக்கூடாது என்று பையன் விசேஷத்துக்கு மறுநாளே அதைக் கழற்றியிருந்தான்.

"செஞ்சத திருப்பி வாங்கறதா? போங்க மாமா" என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கொல்லையில் ஈர விறகை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கோடு போட்டீங்களே, அதுக்குக் கீழ இதையும் எழுதிட்டீங்களா?"

அந்தப் பக்கத்தில் இன்னும் எழுதவில்லை. எஸ்டிமேட் தாளை மட்டும் எடுத்து, சீருக்கு நேரே இருந்த கோட்டை அழித்து, எண்பதாயிரம் என்று எழுதினேன். கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகைக்கு நான் விசேஷம் செய்திருக்க மாட்டேன். மண்டிக்காரரிடம் காலில் விழுந்தாவது இன்னும் ஒரு வருடம் கேட்டிருப்பேன். அவர் கொடுத்திருப்பாரா என்று தெரியாது. நான் கேட்கவே இல்லை.

இப்போது வட்டி இல்லை. இருந்தும் சம்பளம் வந்தவுடன் நாலாயிரத்தைப் பிரித்து அதே டப்பாவில் போடுகிறோம். சித்திரையில் அவர்கள் திரும்பி வரும்போது கொடுக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். அவன் வாங்கமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். சிலிண்டர் இன்னும் அதே அறுபத்தேழு நாள் வருகிறது. பையனின் காதில் ஓட்டை தூர்ந்துகொண்டிருக்கிறது.

டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இப்போது ஓர் எண் எழுதுகிறேன். விடுமுறைகளைக் கழித்துவிட்டு, அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகாத நாட்கள். இன்றோடு நாற்பத்து மூன்று.