அம்மா பின்னிய வயர்

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, தில்லை நகர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த வாரமே நீங்கள் இரண்டு பேரும் லீவு முடிந்து கிளம்பிவிட்டீர்கள். பிறகு நடந்ததை போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் அப்பா எழுதுகிறேன்.

நம் ஸ்ரீரங்கத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். பாட்டுப்பெட்டி ஹாலில், அம்மா படுத்திருப்பது கடைசி அறையில். பாட்டு கேட்காமல் பகல் நகரவில்லை என்றாள். ஸ்பீக்கர்களை மட்டும் அங்கே வைத்தால் போதும். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு வயர் வேண்டும்.

ஆபீஸ்களுக்கு இன்டர்நெட் லைன் இழுப்பது என் பிழைப்பு. வயரைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. வேலையில் மிஞ்சிய கேபிள் மூட்டையாகக் கிடந்தது. அதன் உறையை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளை நெருக்கிப் பின்னினால் கடை வயரைவிட உசத்தி என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வேலை முடிந்து வந்து நான் உரித்துப் போடுவேன், அம்மா கட்டிலில் உட்கார்ந்து பின்னுவாள். பூத் தொடுக்கிற கை, ஒரு இழை தளரவில்லை. நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவள் வலி என்று முனகவில்லை.

மாட்டியதும் பாட்டு நன்றாகத்தான் வந்தது. அரை மணி நேரத்தில் ஹாலில் கருகல் வாடை. பாட்டுப்பெட்டியின் ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைக்க முடியவில்லை. சத்தத்தை முழுக்கக் குறைத்தும் சூடு தணியாததால் பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் லீவு போட்டு, அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி சிங்காரத்தோப்புப் பக்கம் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே என்ன வயர் என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரலில் உருட்டிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. யாரு பின்னுனது?"

"வீட்டுலங்க."

"இவ்வளவு நெருக்கிப் பின்னுனா இது வயர் இல்லீங்க, கரண்டைத் தேக்கி வைக்கிற கண்டன்சர். நம்ம காதுக்கு எட்டாத சத்தத்துல ஆம்ப்ளிஃபயர் உள்ளுக்குள்ளயே கத்திக்கிட்டுக் கெடக்கும். சிலது தாங்கும், உங்களுது தாங்கல."

பெட்டி பிழைத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் சாதாரண ரெட்டைச் செம்பு வயரே போதும், தூரம் அதிகம் என்பதால் கொஞ்சம் தடிமனாக வாங்குங்கள், முனையில் ஒரு இழைகூடப் பக்கத்துக் கம்பியைத் தொடக் கூடாது என்றார். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பஸ்ஸில் வழியெல்லாம் யோசனை. கேபிள் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்லவும் களைப்பாக இருந்தது. உன் பின்னலில் குறையில்லை, பின்னச் சொன்ன என் மேல்தான் தப்பு என்றேன்.

"நாலு நாளா உக்காந்து அதுக்குக் கொள்ளி வச்சிருக்கேன்," என்றாள். "நீங்க வெறகு ஒடைச்சுக் குடுத்திருக்கீங்க."

புது வயரை மாட்டினேன். பாட்டு வந்தது. அவள் பாட்டைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்த் தொட்டுப் பாருங்க."

ஹாலுக்குப் போய் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டேன், லேசான வெதுவெதுப்புதான். வந்து சொன்னேன். ஒரு பாட்டு முடிவதற்குள் மறுபடியும் அனுப்பினாள். இப்போதும் தினம் அப்படித்தான். அவள் நம்புகிறவரை நானும் நடக்கிறேன்.