ஆறிப்போன சோற்றுக்கு ஸ்தோத்திரம்

ஆண்டவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் கணவர் தேவதாஸ் ஆரணியில் பட்டு நெய்கிறவர். அவருடைய சாப்பாட்டு ஜெபம் எங்கள் சபையிலேயே பிரசித்தம். நெல் விளைவித்தவரில் ஆரம்பித்து, தேவிகாபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வரை எல்லோரையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆமென் சொல்வார். அதற்குள் சோறு ஆறிவிடும். எங்கள் மகள் ஒரு கண்ணைத் திறந்து அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அந்த ஜெபம் சுருங்கிவிட்டது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்." அவ்வளவுதான். சபையார் கேலி செய்தார்கள். சூடாகச் சாப்பிடுகிறோமே என்று எனக்கும் சந்தோஷம். மூச்சு போதாமல்தான் மனுஷன் சுருக்குகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் காலை தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டும்போது, பாதி தூரம் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். முதுகுப் பக்கம் ஊசி போட்டு எடுத்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் சேர்ந்தது. காரணம் தெரிய உள்ளேயிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தறியில் உட்காருவதற்கு முன் பல வருஷம், தறிக் கொட்டகைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துக் கூரை போட்டதை இவர் சொன்னார். அப்போது சுவாசித்த தூள் இத்தனை காலம் கழித்தும் இப்படிச் செய்யுமாம். நோயின் பெயர் மீசோதெலியோமா. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வருகிற புற்றுநோய்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பெரிய ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "அந்த நீட்டு ஜெபத்தைத் திருப்பிக் குடுங்க ஆண்டவரே, சோறு ஆறினா ஆறட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

விலாவில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலேயே நீரை வடிக்க நர்ஸம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் தடவை நீர் வடிய வடிய என் கணவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கிரேஸு, அறுந்த பட்டு இழைய முடிச்சு போடுற கை, இதுக்குப் போய் நடுங்குது?" என்று சிரித்தார். சிரிக்க அவருக்கு மூச்சு இருந்தது.

அடுத்த ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு. நெல் விளைவித்தவரில் ஆரம்பித்தார். டாக்டர், நர்ஸம்மா, பஸ் ஓட்டினவர், குழாயைச் செய்தவர், கடைசியில் என் நாத்தனார். அன்றைக்கு மகள் கண்ணைத் திறக்கவில்லை. நான்தான் திறந்து, ஏறி இறங்குகிற அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிப்போன அந்தச் சோற்றை அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

நோய் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சிகிச்சை நடக்கிறது. நாளைய தினம் ஆண்டவர் கையில் இருக்கிறது, அந்தக் கையை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். பிரியமானவர்களே, மூச்சு வாங்கினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள், ஜெபித்துக்கொண்டே போங்கள். உங்களுக்குத் தேவையானது எவ்வளவு சின்னதானாலும் அவரிடம் கேளுங்கள்.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். சூடாகக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.