ராத்தா சொன்ன இன்னொரு யூசுப்

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் படிப்பை நிறுத்தப் பார்த்தவன் நான். பொறாமையைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கல்முனையில் நாங்கள் படித்த மிஷன் பாடசாலையில் இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாததால், பைபிள் வகுப்பில்தான் உட்கார்ந்திருப்போம். எனக்கு அது தூங்கும் நேரம். ராத்தா எல்லாவற்றையும் கேட்டு வைத்திருப்பாள்.

ஒரு நாள் அவள் வகுப்பில் ஒரு கேள்வி. யாக்கோபின் மகன், கனவு கண்டவர், எகிப்துக்குப் போனவர் யார்? மற்றவர்கள் யோசேப்பு என்று எழுத, இவள் மட்டும் எழுந்து, "எந்த யோசேப்பு டீச்சர்?" என்றாளாம். மூன்று அடையாளமும் இரண்டு பேருக்குப் பொருந்துகிறதாம். டீச்சர் வேதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வகுப்பையே கைதட்டச் சொன்னாராம்.

அந்தக் கைதட்டல் எனக்குப் பொறுக்கவில்லை. யோசேப்பு என்றால் எங்களுக்கு யூசுப்; மத்ரஸாவில் நான் அறிந்த யூசுப் ஒருவர்தான், யூசுப் நபி. வாப்பா ஓடாவி, மரவேலை செய்பவர். முற்றத்தில் கதவொன்றுக்கு உளி பிடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

"வாப்பா, யூசுப் நபி ரெண்டு பேரெண்டு ராத்தா சொல்லியிருக்கா!"

வாப்பாவின் முகம் கறுத்தது. ராத்தாவைக் கூப்பிட்டார். "இதுக்கா புள்ள உன்னப் படிக்க உட்ட? நாளையிலருந்து போகத் தேவல்ல."

ராத்தா அழவில்லை. "நபியெண்டு நான் சொல்லல்ல வாப்பா. மத்தவர் அவங்கட வேதத்துல வாறவர். உங்களப் போல ஓடாவி."

"ஓடாவியா?" உளி நின்றது.

"ஓம். ஈஸா நபிய, அவங்கட இயேசுவ, வளத்தவராம். தன்ட புள்ளை இல்ல. புள்ளையக் கொல்லத் தேடுறாங்களெண்டு கனவுல தெரிஞ்சதும், உம்மாவையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்குப் போயிட்டாராம்."

வாப்பா மரத்தூளை ஊதினார். பிறகு கேட்டார்: "உளி, வாள் ஆயுதமெல்லாம் எடுத்துக்கிட்டா போனவர்?"

"அது எழுதல்ல வாப்பா."

"எடுத்துத்தான் போயிருப்பார். போற இடத்துல புள்ளைக்குத் திங்கக் குடுக்கணுமே."

மறுநாள் வாப்பாவே அவளைச் சைக்கிளில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோனார். நான் பின்னால் நடந்தேன், எனக்கு அநியாயம் நடந்துவிட்டதென்று முனகியபடி.

ராத்தா பிறகு ஆசிரியையானாள். அவளுடைய நிக்காஹ்வில், மகளைப் பொறுப்புக்கொடுக்கும் வலியாக வாப்பா உட்காரவில்லை. சம்மாந்துறையிலிருந்து வந்த, நான் பார்த்தேயிராத ஒருவர் உட்கார்ந்தார். ராத்தாவைப் பெற்ற தகப்பன் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டாராம்; அவருடைய தம்பி இவர். வாப்பா வாசலில் நின்று, வந்தவர்களுக்குச் செருப்பு ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று முற்றத்தில் பேசிக்கொண்ட இருவருக்கும் அது தெரியும். கோள் சொன்னவனுக்குத்தான் தெரியவில்லை.