தங்கை கழற்றிப் போட்ட கொள்கை

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. போன சனிக்கிழமை, கல்லூரி விழாவுக்குப் பட்டுப்புடவை தேடிக்கொண்டிருந்தேன். கை புடவையில், மனசு பாவாடை வயசுக்கு ஓடிவிட்டது.

எனக்குச் சின்னதாகிப்போன பாவாடைகளை அம்மா அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைப்பாள். அடுத்த வருடம் அவை தங்கை வத்சலாவுக்கு. "எல்லாமே அக்கா போட்டுக் கழிச்சதுதானா?" என்று அவள் அழுவாள். எனக்கோ உள்ளூர ஒரு மகாராணி மிதப்பு.

பழி தீர்த்துக்கொண்டாள்! இப்போது அவள் கழற்றிப் போடுவதைத்தான் நான் உடுத்துகிறேன். புடவையை இல்லை... கொள்கையை.

இரண்டு பேரும் பொருளாதாரம் படித்தோம். அவள் டெல்லிக்குப் போய்ப் பெரிய நிபுணர் ஆனாள். நான் இங்கே பெங்களூரில், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மாலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்கள் காதைக் கடிக்கிறேன். ஏழை நாடு எப்படி முன்னேறும் என்ற கேள்விதான் எங்கள் இருவரின் பிழைப்பும். அவள் ஒரு பதில் கண்டுபிடிப்பாள். அது பாடப்புத்தகத்துக்கு நடந்து வந்து சேரப் பத்து வருடம் ஆகும். நான் சாக்பீஸை எடுக்கும்போது அவள் அடுத்த பதிலுக்குப் போயிருப்பாள்.

முதலில் அணை, எஃகு ஆலை, ஐந்தாண்டுத் திட்டம் என்றாள். மேலே கொட்டு, கீழே தானாகச் சொட்டும். தொண்ணூற்றொன்றில் நாடு கதவைத் திறந்தது, அவளும் திறந்தாள். அரசாங்கம் ஒதுங்கட்டும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரை எழுதினாள். கைதட்டலோ கைதட்டல். அன்றைக்கு நான் கரும்பலகையில் இன்னும் எஃகு ஆலை கட்டிக்கொண்டிருந்தேன்!

அந்த வருட தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாள். ரசம் சாதம் பிசைந்தபடி நான் சொன்னேன். "கதவைத் திறந்தா மட்டும் போதுமாடி? எழுந்து வாசலுக்கு நடந்து வரத் தெம்பு வேண்டாமா? படிப்பு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல... யாரு வெளியில வருவா?"

அவள் சிரித்தாள். "அக்கா, இது கவிதை. எகனாமிக்ஸ் இல்ல."

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஏதோ மாநாட்டுக்காகப் பெங்களூர் வந்திருந்தவளை எங்கள் பிரின்சிபால் விடவில்லை. சீஃப் கெஸ்ட்! காரணம் இருக்கிறது. அவளுடைய அந்தக் 'கதவு' கட்டுரை இந்த வருடம்தான் எங்கள் பாடத்தில் சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் பரீட்சை. என் பிள்ளைகள் அதைக் கமாவோடு நெட்டுருப் போட்டிருந்தார்கள்.

வரவேற்புரை கலைச்செல்வி. வீடு சிவாஜிநகரில், வேலை பொம்மசந்திராவில், ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில். நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். போன தடவை இந்த ஒரு பேப்பரில்தான் போய்விட்டது. டிகிரி கைக்கு வந்தால் மெஷினை விட்டு எழுந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரலாம். இந்த முறையும் போனால் நாற்காலி வேறு ஆளுக்கு. வகுப்புக்கே தெரிந்த கதை.

அவள் மேடையேறி, கட்டுரையிலிருந்தே நான்கு பத்தி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். வத்சலா நெளிந்தாள், சின்ன வயதுப் போட்டோவை ஊர் நடுவில் யாரோ எடுத்து நீட்டியதுபோல.

பிறகு வத்சலா பேசினாள். "அன்றைக்கு எழுதியதில் எனக்கு இன்று உடன்பாடு இல்லை. கதவைத் திறந்தால் மட்டும் போதாது. வாசலுக்கு நடந்து வரும் தெம்பு மக்களுக்கு வேண்டும். அதற்குப் பெயர் கல்வி. அதற்குப் பெயர் ஆரோக்கியம்."

என் ரசம் சாதம்! அப்படியே!

அரங்கம் அதிர்ந்தது. பிரின்சிபால் எழுந்து நின்று தட்டினார். நானும் தட்டினேன், உள்ளங்கை எரிய.

நீங்களே சொல்லுங்கள். அடுக்களையில் நான் சொன்னால் கவிதை. மேடையில் அவள் சொன்னால் கொள்கையா? தப்பாகச் சொன்னபோதும் அவளுக்கு மாலை. 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்றபோதும் மாலை. எனக்குத் தப்பு செய்யக்கூட வழியில்லை, சிலபஸ் சொன்னதைத்தானே சொன்னேன்? பொறாமையா என்கிறீர்களா... ஆமாம், பொறாமைதான். பச்சை மிளகாயைக் கடித்ததுபோலக் காதுவரை ஏறிய பொறாமை.

கேள்வி நேரம். கலைச்செல்வி கை தூக்கினாள்.

"மேடம், ஒரு டவுட். நீங்க எழுதினதத்தான் நாங்க மனப்பாடம் பண்ணியிருக்கோம். இப்ப நீங்களே அது ராங்குன்றீங்க. எக்ஸாம்ல எத எழுதறது?"

பின்வரிசையிலிருந்து கன்னடம் கலந்த ஒரு குரல்: "சும்னே, சும்மா ரெண்டையும் எழுதிடும்மா! எது ஓடுதோ ஓடட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பி முறைத்தாள். "சிரிக்காதீங்கப்பா. எனக்கு இது லாஸ்ட் சான்ஸு."

எத்தனையோ சபைகளில் பதில் சொன்ன வத்சலா திணறினாள். "உனக்கு எது உண்மைன்னு படுதோ, அத எழுதும்மா."

"போன தடவை அப்படித்தான் மேடம் எழுதினேன்."

நான் எழுந்து மைக்கை வாங்கினேன். விடைத்தாளைத் திருத்தப்போவது எங்கேயோ இருக்கிற யாரோ. அவர் பார்ப்பது பாடப்புத்தகத்தை. வத்சலாவின் மனமாற்றத்தை இல்லை. "புக்குல இருக்கறதயே எழுதுங்க. மேடம் இன்னிக்குச் சொன்னத எழுதினா ஃபெயில்!"

வத்சலாவுக்கு விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல்.

ஐயோ, அந்த ருசி! வாழ்க்கையில் முதல்முறையாக அவளைச் சபையில் ஜெயித்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எதை எழுதினால் ஃபெயில் என்றேன்? தீபாவளியன்று நான் சொன்னதை! எதை எழுதச் சொன்னேன்? ஒருநாளும் நான் நம்பாததை! தங்கையைத் தோற்கடிக்கிற அவசரத்தில் என்னையே ஃபெயிலாக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஏர்போர்ட்டுக்குக் கார் நின்றிருந்தது. பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "இன்னிக்குப் பேசினயே, அந்த வாசல், தெம்பு... அதெல்லாம் எங்கேடி பிடிச்ச?"

"எங்கேயோ கேட்டதுதான் அக்கா. ரொம்ப நாளா மண்டையில ஓடிட்டே இருந்துது."

நானே கார் கதவைத் திறந்துவிட்டேன்.

காரில் ஏறி உட்கார்ந்தவள் கண்ணாடியை இறக்கினாள். "அந்தப் பொண்ணுக்கு நீ சொன்னதுதான் சரி. இன்னிக்கு நான் பேசினதக்கூட நாளைக்கு மாத்திக்கிட்டாலும் மாத்திக்குவேன்."

பார்த்தீர்களா? அடக்கம்கூட அவளுக்குத்தான் அழகாகப் பொருந்துகிறது!

கார் நகர்ந்தது. கூடவே இரண்டு எட்டு நடந்து, குனிந்து சொன்னேன்.

"எத வேணா மாத்திக்கோடி. கலைச்செல்வி பாஸ் பண்ற வரைக்கும் மட்டும் வாயத் திறக்காத!"