பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?

பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். கத்திக்குப் பயந்து இல்லை, வாந்திக்குப் பயந்து. மகள் ஆபரேஷனில் பிறந்தபோது, மயக்கம் தெளிந்ததிலிருந்து குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளவே கை போதவில்லை. பிறந்த பிள்ளையை அன்று முழுக்க என் நாத்தனார்தான் வைத்திருந்தார்.

கடைசியில் வலி தாங்காமல் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா முதல் நாளே வந்து சுகர், பிரஷர் என்று விசாரித்தார். பிறகு, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்றார்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம், நல்லாதான் இருக்கா."

எனக்கு வந்ததே கோபம். என் அம்மா வீடு கல்வராயன் மலையில். கல்யாணமாகி மலையிறங்கிய வேனில், இந்த மனுஷனின் பட்டு வேட்டியிலேயே வாந்தி எடுத்தவள் நான். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயமாம். நானே எல்லாவற்றையும் சொன்னேன், மகள் பிறந்த அன்று பட்டதையும் சேர்த்து.

வயிற்றில் காற்றடைத்து, துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில் வாந்தி சகஜம், பஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னும் ஜாஸ்தி என்றார் டாக்டரம்மா. அதனால் மூச்சில் கொடுக்கும் மயக்க மருந்தை விட்டுவிட்டு நரம்பில் ஏற்றுவாராம். வாந்தியைத் தடுக்க ஆரம்பத்தில் ஒரு மருந்து, முடிக்கும்போது வேறொன்று. "வந்தப்புறம் நிறுத்துறதுதாம்மா கஷ்டம். வராம பாத்துக்கலாம்." அந்த நிமிஷமே எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கண் விழித்தபோது வீட்டுக்காரர் வாந்தி பிடிக்க ஒரு பேசினை நீட்டிக்கொண்டு நின்றார். தோள்பட்டையில் வலி இருந்தது. அது அடைத்த காற்றால் வருவது, போய்விடும் என்றார் நர்ஸ். வயிறு அமைதியாக இருந்தது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன், அதுவும் உள்ளேயே நின்றது. பேசினைக் கீழே வைக்கச் சொன்னேன்.

சந்தோஷத்தோடு ஆத்திரமும் வந்தது. இந்த ஒரு கேள்வியை மகள் பிறந்த அன்றைக்கு யாராவது கேட்டிருக்கக் கூடாதா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னாம்மா, வலிக்குதா?" என்று மகள் கிட்டே வந்தாள். அவளுக்கும் என்னைப்போலப் பஸ் ஆகாது.

"வலி இல்லடி. நாளைக்கு உனக்கு ஆபரேஷன்னு வந்தா, யாரும் கேக்கலன்னாலும் நீயே முந்திக்கினு இதச் சொல்லிடு. பொறந்த அன்னிக்கே புள்ள உன் கையில இருக்கணும்."