இடது காலுக்கு மட்டும்

சைக்கிள் கடையின் நடுவில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடை மெக்கானிக்கான இளம்பெண் மூன்று பெடல்களை மேசையில் வரிசையாக முடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஷூவைப் பொருத்தி அழுத்தினாள். முதலாவது 'டொக்' என்றது. இரண்டாவது எங்கோ உள்ளே முனகியது. மூன்றாவது 'டிக்' என்று சுத்தமாக விழுந்தது.

"அதான்," என்றாள் அக்கா. "மத்த ரெண்டும் இருமுது. இது பேசுது."

"எடையைக் கேப்பாங்க, கலரைக் கேப்பாங்க. சத்தத்தக் கேட்டு பெடல் வாங்குற ஆளை இன்னிக்குத்தான் மேடம் பாக்குறேன்."

சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷின் மெக்கானிக் என் அக்கா. அறுபத்துநான்கு மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது நாற்பதாவது மெஷினின் ஊசி வளைந்திருப்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அவளுடைய காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது காலுக்கு. முதுகில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது பாதம் மரத்துப்போனது. நடக்கிறாள், ஆனால் பாதம் எதன்மேல் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பாதம் நழுவாமல் பார்த்துக்கொண்டால் சைக்கிள் ஓட்டலாம் என்றும் சொன்னார்.

நழுவியது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், பாலத்து ஏற்றத்தில் இடது கால் பெடலை விட்டு இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. தார் ரோட்டில் கிடந்தபோதுதான் தெரிந்தது.

அதோடு சைக்கிளை விட்டுவிடலாம் என்றால், முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. முதல் பஸ் அங்கே போய்ச் சேர ஆறு இருபது ஆகும். அந்த முதல் பஸ்ஸை ஓட்டுகிறவர் வேறு யாருமில்லை, அத்தான்தான்.

"உங்க பஸ்ஸை இருபது நிமிஷம் முன்னாடி எடுத்தா என்னவாம்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"எடுக்கலாம். அப்புறம் உன் ஷிப்டுக்கே நானும் ஆளா வரணும். பட்டன் தைக்கத் தெரியும் எனக்கு."

சூப்பர்வைசர் இரண்டு வாரம் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வருகிற திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் இல்லையென்றால் முதல் ஷிப்ட் வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ஷிப்டில் தலைமை மெக்கானிக், அக்காவிடம் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டவன். அவனிடம் போய் "இன்னிக்கு நான் எந்த மெஷினைப் பாக்கட்டும்" என்று கேட்டு நிற்பதைவிட வேலையையே விட்டுவிடுவேன் என்று அக்கா சொன்னாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

அதனால்தான் இந்தக் கடை. ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், கிளீட் என்பார்கள். அது பெடலின் ஸ்ப்ரிங்கைக் கவ்விக்கொண்டால் கால் நழுவாது. குதிகாலைத் திருப்பினால் விட்டுவிடும். கேட்க எளிது. கவ்விய கால் நேரத்துக்குக் கழன்று வராமல் சைக்கிளோடு சாய்ந்தவர்களின் வீடியோக்களை நான் இரண்டு இரவு பார்த்துத் தொலைத்திருந்தேன்.

அக்காவின் சைக்கிள் மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் என்பதால், பந்தயக்காரர்கள் போடும் அகலமான பிளாஸ்டிக் கிளீட்டைத்தான் கடைப்பெண் முதலில் கொடுத்தாள். அக்கா அதைப் போட்டுக்கொண்டு நாலடி வைத்தாள். வாத்து நடை.

"எண்ணெய் சிந்தின தரைம்மா எங்களது. இதோட நடந்தா மெஷினுக்கு முன்னாடி என்னைத்தான் ரிப்பேர் பண்ணணும்."

அடுத்தது அடிப்பாகத்துக்குள் கிளீட் ஒளிந்திருக்கும் ஷூ. நடக்க வாகாக இருந்தது. பெடலில் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் பூட்டு என்றிருந்ததைத் தள்ளிவைத்தாள். "எந்தப் பக்கம் மேல இருக்குன்னு கால் சொல்லணுமே. இது வாயே திறக்காது." ஆகவே இரண்டு பக்கமும் பூட்டுள்ள வகை. கிளீட்டும், குதிகாலை எந்தப் பக்கம் திருப்பினாலும், வேகமாக மேலே இழுத்தாலும் விட்டுவிடுகிற வகை. கடைசியில்தான் அந்த 'டிக்'. கால் சொல்லாததைக் காது சொல்ல வேண்டும்.

"ரெண்டு காலுக்கும் இதையே மாட்டிடறேன்," என்றாள் கடைப்பெண்.

"இடது மட்டும் போதும். வலதுக்குப் பழைய பெடலே இருக்கட்டும்."

"ஒரு கால்தான்னா, எல்லாரும் நல்ல காலைத்தான் மேடம் பூட்டுவாங்க."

"நல்ல கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லாம கொள்ளாம ஓடிப்போறது இதுதான்."

நிற்கும்போது வலது காலை ஊன்ற வேண்டும், இடது பூட்டியபடியே இருக்கும். அதுதான் திட்டம். ஆனால் நாற்பது வருஷமாக அக்கா ஊன்றியது இடது காலை. திட்டம் மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பயிற்சி. சிக்னலாக நின்றவர் அத்தான்.

"பச்சை... பச்சை... சிவப்பு."

அக்கா பழக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்து, மரம்போல விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"சிவப்புக்கு முன்னாடி மஞ்சள் உண்டு, டிரைவர் சார்," என்றாள் தரையிலிருந்தே.

"ரோட்டுல குறுக்க வர்ற நாய் மஞ்சள் காட்டிட்டா வரும்? எந்திரி. மறுபடி."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரோ முழங்கையில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு மறுபடி சிவப்பு என்றார். ஞாயிறு மாலைக்குள் நூற்றுப்பத்து சிவப்பு. கடைசி நாற்பதில் அவள் ஒருமுறைகூடச் சாயவில்லை.

திங்கள் காலை ஐந்து இருபதுக்குக் கிளம்பினாள். என் சைக்கிளில் பின்னால் போனேன். முதல் சிக்னலில் வலது கால் தார் ரோட்டில் அழகாக ஊன்றியது. இரண்டாவதிலும் அப்படியே. பிறகு பாலம். ஏற்றத்தில் அவள் எழுந்து நின்று மிதித்தாள். இடது காலை ஓங்கி இழுத்துவிட்டாள் போலும், பூட்டு விட்டுவிட்டது. பாதம் பெடலுக்கு மேலே தொங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். கத்தினேன். பக்கத்தில் குப்பை லாரி ஒன்று உறுமிக்கொண்டு ஏறியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'டிக்' எங்கே கேட்கப் போகிறது?

அக்கா உட்கார்ந்தாள். வேகத்தைக் குறைத்தாள். ஒரு பார்வை கீழே பார்த்து, இடது காலைப் பெடலில் வைத்து அழுத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தி, மெதுவாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அப்புறம் மறுபடி எழுந்து நின்று, லாரிக்கு முன்னால் உச்சியைத் தாண்டிவிட்டாள்.

நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு போனதில் முன்னால் இருந்த பள்ளத்தைப் பார்க்கவில்லை. முன்சக்கரம் வளைந்தது. மீதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்து தொழிற்சாலைக்கு வந்தபோது மணி ஆறு பத்து. கையில் ஸ்க்ரூடிரைவரோடு அக்கா வாசலுக்கு வந்தாள்.

"விழுந்தியா?"

"லேசா. லாரிச் சத்தத்துல எப்படிக்கா தெரிஞ்சுது?"

"வலது கால்டா. இடது கழண்டதும் எல்லா பாரமும் இதுமேல வந்துச்சு. மாட்டிட்டு இடதை லேசா இழுத்துப் பாத்தேன், வலது லேசாச்சு. மாட்டியிருக்குன்னு அர்த்தம்." தன் வலது தொடையைத் தட்டினாள். "ரெண்டும் ஒரே தண்டுல இருக்கிற மெஷின்தானே. ஒண்ணு சொல்லலேன்னா இன்னொண்ணைக் கேக்கணும். இத நான் கடையிலயே யோசிச்சிருக்கணும்."

"எத்தனை மணிக்கு வந்தே?"

"அஞ்சு நாப்பத்தாறு. சூப்பர்வைசர் இன்னும் டீ கப்போட நின்னாரு. கடிகாரத்தப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, இருபத்தொண்ணாவது மெஷின் நூல் அறுக்குதுன்னாரு. அவ்வளவுதான். வரட்டுமா, அது இன்னும் அறுக்குது."

ஷூவோடு எண்ணெய்த் தரையில் அவள் திடமாக நடந்து போனாள்.

ஆறு இருபதுக்கு பஸ் வந்தது. வளைந்த சக்கரத்தோடு நான் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்த அத்தான் முகம் வெளுத்துப்போனார்.

"மச்சான், அவ?"

"அஞ்சு நாப்பத்தாறுக்கே உள்ள. இது என் சைக்கிள், அத்தான்."

அவர் தொழிற்சாலை மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். இருபத்தேழு வருஷத்தில் தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடிக்காதவர் என்று டிப்போவில் அவருக்குப் பெயர். காலியான ரோட்டில், எதிரே ஈ காக்காய் இல்லாதபோது, நீளமாக இரண்டு தடவை அடித்தார். மாடி ஜன்னலில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த ஒரு கை வெளியே நீண்டு, போங்க போங்க என்று அசைத்தது.