மெர்ல் சாய்த்து நிறுத்திய வண்டி

மெர்ல் ஹாஸ்கெட் யாரையும் நம்பமாட்டார். ரயில் சரக்குக் கொட்டடியில் காவல்காரராக இருந்தே வயதானவர். வருகிறவன் போகிறவனையெல்லாம் சந்தேகப்படுவதற்குத்தான் அங்கே அவருக்குச் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சந்தேகத்தையும், அடுப்பு படுக்கையெல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்கு வந்துவிட்டார். கூட வந்தது அவர் மனைவி லூவெல்லா. சர்க்கரை நோய்க்காரி. அவளுடைய இன்சுலின், வண்டிக்குள் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டியில் இருக்கும்.

குளிர்காலம் வந்தால் நாங்கள் எல்லோரும் அந்தப் பாலைவனப் புறம்போக்கில்தான் வண்டிகளை நிறுத்துவோம். என் வண்டிக்கும் அவர்கள் வண்டிக்கும் நடுவே இரண்டு முட்புதர்கள். ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் ஜெபம் நடக்கும். மெர்ல் வருவார், ஆனால் கண்ணை மூடமாட்டார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது ஒருவராவது விழித்திருக்க வேண்டாமா என்பார்.

டிசம்பரில் வெயில் தெற்கே சாய்ந்துவிடும். கூரையில் படுக்க வைத்த சூரியத் தகடுகளுக்கு அது போதாது. மெர்ல் ஒரு யோசனை செய்தார். வண்டிக்கு அடியில் இரும்புக் கால்கள் உண்டு, ஓட்டுநர் இருக்கை பக்கத்தில் இருக்கும் பிடியை அழுத்தினால் அவை இறங்கும். வடக்குப் பக்கத்துக் கால்களை மட்டும் நன்றாக இறக்கி, வண்டியையே தெற்கே சாய்த்துவிட்டார். மேசையில் வைத்த காப்பிக் கோப்பை நழுவியது. மின்கலம் மட்டும் மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது.

எங்களுக்கு மேற்கே வண்டி நிறுத்தியிருக்கும் டெல்பர்ட் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர். சாய்வைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"மெர்ல், குளிர்பெட்டிய அணைச்சுட்டீங்களா?"

"ஏன் அணைக்கணும்?"

"உள்ள இருக்கிற திரவம் கொதிச்சு மேல போயி, தானா வழிஞ்சு கீழ வரணும். அதைத் தள்ளிவிட மோட்டார் கிடையாது. வண்டி சாஞ்சு நின்னா ஒரு மூலையில தேங்கிடும், அடியில நெருப்பு வெறும் குழாயைச் சுடும். உள்ள கரி மாதிரி கட்டி அடைச்சுக்கும். அப்புறம் பெட்டியே போச்சு."

"மலைப் பாதையில சாஞ்சு சாஞ்சுதானே ஓட்டி வந்தேன்?"

"ஓடும்போது குலுங்கும், தேங்காது. நிக்கும்போதுதான் மட்டமா நிக்கணும். சாய்ச்சே ஆகணும்னா பெட்டிய அணைச்சுட்டுச் சாயுங்க."

"என் வெயில் மேல உனக்கு என்னப்பா கண்ணு?" என்றார் மெர்ல். டெல்பர்ட் கையை விரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம். மெர்ல் தன் சின்னக் காரில் ஊருக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால், வண்டி நேராக நிற்கும். மறுபடி சாய்ப்பார். அடுத்த தடவை போய் வந்தால் மறுபடி நேராக நிற்கும். லூவெல்லாவைக் கேட்டால், "யாரும் வரலையே" என்பாள்.

"நீ தூங்கியிருப்பே. அந்த டெல்பர்ட் உள்ள நுழைஞ்சு பிடிய அழுத்திட்டுப் போறான்."

கொட்டடிக் காவல் புத்தி அவரை விடவில்லை. புதர்க் கிளையை ஒடித்து, யார் வந்தாலும் காலடி பதியட்டும் என்று வண்டியைச் சுற்றி மணலைப் பெருக்கிச் சமமாக்கிவிட்டுத் தண்ணீருக்குக் கிளம்பினார். நானோ ஒன்றும் அறியாமல் லூவெல்லாவுக்கு பீன்ஸ் சூப் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பிய மெர்ல் நேரே என் வாசலில் வந்து நின்றார்.

"செருப்பைக் காட்டு சிஸ்டர்."

காட்டினேன். அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயா? ஜெபம் பண்ற கையா இது?"

கர்த்தரே என்றுதான் எனக்கு வாயில் வந்தது. கண் கலங்கிவிட்டது. சத்தம் கேட்டு லூவெல்லா சூப் சட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

"அவள விடு மெர்ல். நான்தான் வண்டிய நிமித்தினேன்."

"நீயா? எதுக்கு?"

"என் மருந்து அதுலதான இருக்கு!"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"டெல்பர்ட் சொன்னாரு, உன் வெயில் மேல அவருக்குக் கண்ணுன்னே. நான் சொன்னா அவரு கட்சின்னிருப்பே. நீ வெளிய போறப்ப நிமித்தினேன். நீ இருக்கிறப்ப என்ன பண்ண முடியும்? ராத்திரி பூரா சாஞ்சுதான நின்னுச்சு!"

மெர்ல் தன் வண்டிக்கு விரைந்தார். உள்ளே போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெண்ணெய் இளகத் தொடங்கியிருந்தது. ஒரு நெடி மூக்கில் ஏறிக் கண்ணை எரித்தது. டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன். அவர் எங்களை வெளியே துரத்திவிட்டு வாயுவை மூடினார், எல்லாக் கதவையும் திறந்து போட்டார். வண்டியின் வெளிப்பக்கம், குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றினால், குழாய் மேல் மஞ்சள் தூள் பூத்திருந்தது.

"குழாய் ஓட்டையாகி உள்ள இருந்த திரவம் கசிஞ்சுருச்சு. இனி இது வெறும் அலமாரிதான். மருந்து இன்னும் ஜில்லுனுதான் இருக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள மாத்துங்க. என் பெட்டியில இடம் இருக்கு."

மெர்ல் மருந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டெல்பர்ட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்கிட்ட இருக்கட்டும் சிஸ்டர். அதுக்காக உன்னை முழுசா நம்பிட்டேன்னு நினைச்சுக்காத."

"சரி" என்றேன். செருப்பைப் பற்றி மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அன்று இரவு அவர்கள் இருவருக்காகவும் ஜெபித்தேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

காலையில் என் வண்டி ஆடியது. பயந்துபோய் எட்டிப் பார்த்தால், மெர்ல் மண்டியிட்டு என் முன்சக்கரத்துக்கு அடியில் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"சாஞ்சு நிக்குது. ராத்திரி யாரோ உன் வண்டிய சாய்ச்சிருக்காங்க."

"நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் நிக்குது. கொஞ்சூண்டு சாய்வுதான், ஒண்ணும் ஆகாதுன்னு டெல்பர்ட்டே சொன்னாரு."

"அவன் சொல்லுவான்! உள்ள இருக்கிறது லூவெல்லா மருந்து." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவனைக் கூப்பிடு. மட்டம் பாக்க ஆள் வேணும். அவன் பாத்ததும் நானும் ஒரு தடவை பாக்கணும்."